குளிர் நகரங்களில் கூரையிட்ட விளையாட்டரங்கங்கள்: வெண்பனியின் பளுவும் பொதுப்பணத்தின் பளுவும்

குளிர்ப் பிரதேசங்களில் கட்டடம் எழுப்புவோர் காற்றையும் மழையையும் மட்டுமன்றி வெண்பனியின் எடையையும் கணக்கிட்டாக வேண்டும். காஷ்மீரப் பள்ளத்தாக்கில் வீட்டுக் கூரைகள் பெரும்பாலும் நல்ல சரிவுடன் அமைக்கப்படுவதற்கு இதுவே காரணம். தட்டையான கூரையில் தங்கும் பனி நாளுக்கு நாள் கனத்து அதனை அமுக்கும். சரிவான கூரையிலோ அது தானே வழுக்கிக் கீழே விழுந்துவிடும். ஒரு வீட்டுக்கு எளிதாக உள்ள இந்த ஏற்பாடு, அறுபதினாயிரம் பேர் அமர்ந்து ஆட்டம் பார்க்கும் அரங்கத்துக்கு எளிதன்று. நடுவில் ஒரு தூணும் இல்லாமல் ஏறத்தாழ பத்து ஏக்கர் பரப்பை மூட வேண்டுமாயின், அதற்கான கூரை எப்படிப்பட்டதாக இருத்தல் வேண்டும்? அத்தகைய கூரையை அமைப்பது தேவைதானா? ஐக்கிய அமெரிக்க நாடுகளின் வட பகுதியிலும் கனடாவிலும் உள்ள நகரங்கள் கடந்த அரை நூற்றாண்டாக இவ்வினாக்களுக்கு விடை தேடி வந்துள்ளன. அவற்றின் அனுபவம் பௌதிகப் பாடமாகவும், பொதுச் செலவு பற்றிய பாடமாகவும் அமைந்துள்ளது.

ஆட்டமும் அதன் பருவமும்

அமெரிக்கர்கள் கால்பந்து என்று அழைப்பது நம் நாட்டில் ஆடப்படும் கால்பந்தாட்டம் அன்று. நீள்வட்ட வடிவுள்ள பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம் அது. அதன் பருவம் செப்டம்பரில் தொடங்கி ஜனவரி வரையிலும், இறுதிப் போட்டிகளுக்காக பிப்ரவரி வரையிலும் நீள்கிறது. ஆகவே பருவத்தின் பிற்பகுதி கடுங்குளிர் காலத்தில் வந்து விழுகிறது. 2021-ம் ஆண்டு முதல் தொழில்முறைக் குழு ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 17 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றுள் 8 அல்லது 9 ஆட்டங்களே சொந்த ஊரில் நடைபெறுபவை. கடுங்குளிரில் நடைபெறுபவை அவற்றிலும் ஒரு பகுதியே. இந்த எண்ணிக்கையை நினைவிற் கொள்வது அவசியம். கூரையைப் பற்றிய விவாதம் முழுவதும் இதனைச் சுற்றியே அமைகிறது.

குளிர் விளைவிக்கும் துன்பம் சிறியதன்று. 1967-ம் ஆண்டு டிசம்பர் 31-ம் நாள் விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே நகரில் நடைபெற்ற இறுதியாட்டத்தின்போது உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி சென்டிகிரேடாக இருந்தது. தரை உறையாமலிருப்பதற்காக மண்ணுக்கடியில் மின்சாரக் கம்பிச் சுருள்கள் பதிக்கப்பட்டிருந்தன. ஆயினும் தரையை மூடியிருந்த விரிப்பை அகற்றியவுடன், அதனடியில் தேங்கியிருந்த ஈரம் குளிர்காற்றுப் பட்டு உறைந்து, மைதானம் பனிக்கட்டிப் பாளமாயிற்று. நடுவர்களின் உலோக ஊதல்கள் குளிரில் பயன்படாமற் போயின.

பிற்காலத்திலும் இத்தகைய நாள்கள் இல்லாமற் போகவில்லை. 2024-ம் ஆண்டு ஜனவரி 13-ம் நாள் கான்சாஸ் நகரின் திறந்த அரங்கத்தில் ஏறத்தாழ பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரி குளிரில் ஓர் ஆட்டம் நடைபெற்றது. அதனைக் காணச் சென்றவர்களுள் சிலருக்குக் குளிரால் தசை உறைந்து, பின்னர் விரல்களை அறுத்து நீக்க நேர்ந்தது. மனித உடலைச் சுற்றி வெதுவெதுப்பான காற்று மென்படலமாக எப்போதும் நிலவுகிறது. பலத்த காற்று இப்படலத்தை ஓயாமல் அகற்றுவதால் உடலின் வெப்பம் விரைந்து குறைகிறது. விரல், மூக்கு, காது முதலிய ஓர உறுப்புகளே முதலில் பாதிக்கப்படுகின்றன. மூன்று மணி நேரத்துக்கும் மேலாக அசையாது அமர்ந்திருப்பவர்களுக்கு, ஓடியாடும் ஆட்டக்காரர்களைக் காட்டிலும் அபாயம் அதிகம்.

ஆகவே குளிரிலிருந்து மக்களைக் காக்கவேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதே. அதற்கு முழுக் கூரைதான் வழியா என்பதே ஆராயத்தக்கது.

காற்றே தூணாக நின்ற கூரை

பரந்த அரங்கத்தை முழுவதும் மூடும் முயற்சி குளிர் நகரத்தில் தொடங்கவில்லை. வெயிலும் புழுக்கமும் மிகுந்த ஹூஸ்டன் நகரில் 1965-ம் ஆண்டு திறக்கப்பட்ட ஆஸ்ட்ரோடோம் அரங்கமே இவ்வகையில் முதன்மையானது. அதன் எஃகுக் கூரை மிகுந்த செலவில் அமைக்கப்பட்டது. பின்னர்க் குறைந்த செலவில் கூரையிடும் முறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைத் துணியை எஃகு வடங்களுடன் பிணைத்து அரங்கத்தின் மீது விரித்து, பெரிய விசிறிகளால் உள்ளே காற்றைச் செலுத்தினால், உள்ளழுத்தம் வெளியழுத்தத்தை விடச் சற்று மிகுந்து, துணி குமிழ்போல் மேலெழும். தூணும் உத்தரமும் வேண்டா. காற்றே கூரையைத் தாங்கும். மிச்சிகன் மாநிலத்தில் பாண்டியாக் நகரின் சில்வர்டோம் 1975-ம் ஆண்டிலும், மினசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ் நகரின் மெட்ரோடோம் 1982-ம் ஆண்டிலும் இம்முறையில் திறக்கப்பட்டன.

இதன் கணக்கு எளிது. இத்தகைய கூரையின் எடை, துணியும் வடங்களும் சேர்ந்து, சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோகிராமுக்கும் குறைவே. ஒரு சதுர மீட்டரின் மேல் காற்று மண்டலம் செலுத்தும் அழுத்தமோ ஏறத்தாழ 10,300 கிலோகிராம் எடைக்குச் சமம். ஆகவே உள்ளழுத்தத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டினாலே கூரை மிதந்து நிற்கும். உள்ளே இருப்பவர்கள் இந்த வேறுபாட்டை உணர்வதுகூட இல்லை. கதவைத் திறக்கும்போது வீசும் காற்றே அதனை அறிவிக்கும்.

வெண்பனியின் கணக்கு

இனி, பனி பெய்யும்போது நிகழ்வதைக் காண்போம். புதிதாக விழுந்த வெண்பனி மிக இலேசானது. ஒரு கன மீட்டர் பனியின் எடை சுமார் 100 கிலோகிராம். அதாவது தண்ணீரின் எடையில் பத்தில் ஒரு பங்கு. பனி ஈரமாக இருப்பினும், படிந்து இறுகினும், இது இரண்டு மூன்று மடங்காகும்.

2010-ம் ஆண்டு டிசம்பர் 10, 11 தேதிகளில் மினியாபொலிஸ் நகரில் ஏறத்தாழ 43 சென்டிமீட்டர் பனி பெய்தது. புதுப்பனியின் எடையையே கொண்டு கணக்கிட்டாலும் சதுர மீட்டருக்கு 43 கிலோகிராம் ஆகிறது. மெட்ரோடோமின் கூரைப் பரப்பு சுமார் 10 ஏக்கர், அதாவது 40,000 சதுர மீட்டர். எனவே, பனி முழுவதும் கூரையிலேயே தங்குமாயின் அதன் எடை 1,720 டன். பத்து டன் ஏற்றிய லாரிகள் 172-ஐக் கூரையின் மேல் நிறுத்தியதற்கு இது சமம்.

விசிறிகளை வேகமாகச் சுழற்றி உள்ளழுத்தத்தைக் கூட்டினால் இதனைத் தாங்க இயலாதா என்ற ஐயம் எழலாம். சதுர மீட்டருக்கு 43 கிலோகிராம் என்பது காற்று மண்டல அழுத்தத்தில் இருநூறில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. எனவே சராசரியை மட்டும் நோக்கினால் அது இயலக்கூடியதாகவே தோன்றும். இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. காற்று கூரையின் எல்லாப் பகுதிகளையும் ஒரே அளவாகத் தள்ளுகிறது. பனியோ எல்லாப் பகுதிகளிலும் ஒரே அளவாகத் தங்குவதில்லை. காற்று வாரி வந்து ஓரிடத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்குப் பனியைக் குவித்தால், அங்கே சதுர மீட்டருக்கு 100 கிலோகிராம் பளு ஏறும். மற்றோரிடத்தில் பளுவே இராது. பளு மிகுந்த இடத்தில் துணி சற்றுத் தாழும். தாழ்ந்த பள்ளத்தை நோக்கிச் சுற்றியுள்ள பனியும் உருகிய நீரும் வழிந்து சேரும். அதனால் பள்ளம் மேலும் ஆழமாகும். ஆழமானதால் மேலும் நீர் சேரும். இவ்வாறு தொடக்கத்திலிருந்த சிறு குறை தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு, இறுதியில் துணியைக் கிழிக்கிறது. துணி கிழிந்தால் காற்று வெளியேறி, கூரை முழுவதும் கீழே தொங்கிவிடும்.

மெட்ரோடோமில் நிகழ்ந்தது இதுவே. பனியை உருக்க, இரட்டைத் துணிகளுக்கு நடுவே வெப்பக் காற்றுச் செலுத்தும் ஏற்பாடு அங்கு இருந்தது. தொழிலாளர்களும் கூரையின் மீதேறிப் பனியை அகற்ற முற்பட்டனர். ஆனால் பலத்த காற்றினால் அவர்களுக்கு ஆபத்து நேரும் என்று கீழே இறக்கப்பட்டனர். 12-ம் தேதி விடியற்காலையில் கூரை கிழிந்து, பனி ஆட்டத்தரையின் மீது அருவிபோல் கொட்டியது. அரங்கம் வெறுமையாக இருந்தமையால் உயிர்ச்சேதம் நேரவில்லை. அதற்கு முன்னரும் அக்கூரை 1981, 1982, 1983-ம் ஆண்டுகளில் பழுதுற்றுத் தாழ்ந்ததுண்டு. பாண்டியாக் அரங்கத்தின் கூரையும் 1985-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் பனியின் பளுவால் சரிந்தது. கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஒலிம்பிக் அரங்கத்துக்கு 1998-ம் ஆண்டில் இட்ட புதிய துணிக் கூரை, அடுத்த ஜனவரியிலேயே பனியால் கிழிந்தது. கண்காட்சி ஒன்றுக்காக உள்ளே வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர் சிலர் காயமுற்றனர். அக்கூரையை மாற்றுவதற்கு 87 கோடி கனடா டாலர் செலவாகும் என்று 2024-ம் ஆண்டில் கியூபெக் மாநில அரசு அறிவித்தது.

இவற்றால் பெறப்படும் முதற் பாடம்: குளிர் நகரத்தில் கூரையிடுவதாயின், மலிவான கூரை மலிவானதன்று.

சரிவுக் கூரையின் மீட்சி

மெட்ரோடோம் 2014-ம் ஆண்டில் இடிக்கப்பட்டு, அதே இடத்தில் 2016-ம் ஆண்டு புதிய அரங்கம் திறக்கப்பட்டது. இதன் கூரை காற்றினால் தாங்கப்படுவதன்று. எஃகுச் சட்டங்களால் ஆனது. இதன் வடிவமும் குமிழன்று, செங்குத்தான சரிவு. பனி வழுக்கி ஓரங்களிலுள்ள அகன்ற வடிகால்களில் விழுந்து அங்கு உருகுகிறது. கூரையின் தென்புறத்தில், ஏறத்தாழ அறுபது சத விகிதப் பரப்பில், ஒளி புகும் பிளாஸ்டிக் படலங்கள் அமைக்கப்பட்டுள்ளன. வட அட்சரேகைகளில் குளிர்காலச் சூரியன் தென்திசையில் தாழ்ந்து இயங்குவதால், அவ்வழியாக ஒளியும் வெப்பமும் உள்ளே வருகின்றன. மலைநாட்டு வீட்டின் பழைய முறையையே பொறியியல் அறிஞர்கள் பெரிய அளவில் மீண்டும் மேற்கொண்டனர் எனலாம்.

ஆனால் இதன் செலவு சுமார் 110 கோடி டாலர். அதில் 49.8 கோடி டாலர் மாநில அரசும் நகராட்சியும் அளித்த பொதுப்பணம்.

கூரை எவருக்குப் பயன்பட்டது?

இவ்வளவு பணம் செலவிடத் தகுந்ததா என்பதை ஆட்ட நாள்களை மட்டும் எண்ணித் தீர்மானிக்க இயலாது. மெட்ரோடோமின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அங்குக் கால்பந்து மட்டுமன்றி, 1982 முதல் 2009 வரை பேஸ்பால் ஆட்டமும் நடைபெற்றது; பல்கலைக் கழகக் குழு ஆடியது; குளிர்கால மாலைகளில் நகர மக்கள் அரங்கத்தின் சுற்று நடைவழிகளில் சக்கரக் காலணியிட்டுச் சறுக்கினர், ஓட்டப் பயிற்சி செய்தனர். வெளியே நடமாடவியலாத மாதங்களில் கூரையிட்ட பெருவெளி ஒரு நகரத்துக்கு எவ்வாறு பயன்படும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

மற்றொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. அதே நகரத்தின் பேஸ்பால் குழு 2010-ம் ஆண்டில் தனக்கெனப் புதிய அரங்கம் அமைத்துக்கொண்டபோது அது கூரையின்றியே கட்டப்பட்டது. எனவே, ஒரே நகரத்தில் ஒரே காலத்தில் கூரை ஓர் ஆட்டத்துக்குத் தேவையாகவும் மற்றோர் ஆட்டத்துக்குத் தேவையற்றதாகவும் இருந்தது. ‘குளிர் நகரத்துக்குக் கூரை வேண்டும்’ என்று பொதுவாகக் கூறுவது எவ்வளவு குறையுடையது என்பது இதனால் விளங்கும்.

பயன்பாடு குறைந்தால் கூரை சுமையாகிவிடும் என்பதற்குப் பாண்டியாக் நகரம் சான்று. 5.57 கோடி டாலர் செலவில் கட்டப்பட்ட சில்வர்டோமை விட்டு, அங்கு ஆடிய குழு 2002-ம் ஆண்டில் டெட்ராய்ட் நகரின் புதிய அரங்கத்துக்குச் சென்றது. அதன்பின் பராமரிக்க வழியின்றி, 2009-ம் ஆண்டில் நகராட்சி அதனை 5 லட்சத்து 83 ஆயிரம் டாலருக்கு ஏலத்தில் விற்றது. கட்டிய விலையில் நூறில் ஒரு பங்கே கைக்கு வந்தது.

விளையாட்டரங்கத்துக்குச் செலவிடும் பொதுப்பணம் உள்ளூர் வருமானமாகத் திரும்பி வரும் என்பது அடிக்கடி கூறப்படும் வாதம். பொருளாதார அறிஞர்களின் ஆய்வுகளில் பெரும்பாலானவை இதனை ஒப்புக்கொள்ளவில்லை. மக்கள் அரங்கத்தில் செலவிடும் பணம், அரங்கம் இல்லாவிடில் அதே ஊரில் வேறு பொழுதுபோக்கில் செலவிடக்கூடிய பணமே என்பது அவர்கள் கூறும் முக்கிய காரணம்.

பஃபலோ நகரம் தேர்ந்தெடுத்த வழி

ஈரி ஏரிக்கரையிலுள்ள பஃபலோ நகரம் பனிக்குப் பேர்போனது. குளிர்காலத் தொடக்கத்தில் ஏரி நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போது, மிகக் குளிர்ந்த காற்று அதன் மேல் வீசுகிறது. அக்காற்று ஏரியிலிருந்து வெப்பத்தையும் ஈரத்தையும் பெற்று மேலெழுந்து, கரையை அடைந்ததும் ஈரத்தைப் பனியாகக் கொட்டிவிடுகிறது. 2022-ம் ஆண்டு நவம்பரில் அரங்கம் அமைந்துள்ள ஆர்ச்சர்டு பார்க் பகுதியில் சில நாள்களுக்குள் ஏறத்தாழ 2 மீட்டர் பனி பெய்தது. முன்னர்க் காட்டிய கணக்கின்படி இது சதுர மீட்டருக்கு 200 கிலோகிராமுக்குக் குறையாது.

ஆயினும் 2023-ம் ஆண்டில் கட்டத் தொடங்கிய புதிய அரங்கத்துக்கு முழுக் கூரை வேண்டாம் என்றே முடிவாயிற்று. மாநிலமும் மாவட்டமும் அதற்கு அளிக்க ஒப்பிய தொகை 85 கோடி டாலர். கூரையிட்டால் செலவு மேலும் பெருகும். அதற்குப் பதிலாக, பார்வையாளர் இருக்கைகளில் சுமார் 65 சத விகிதத்தை மூடும் விதானமும், காற்றின் வேகத்தைத் தணிக்கும் சுவரமைப்பும், மண்ணுக்கடியில் வெப்பமூட்டும் குழாய்களும் திட்டமிடப்பட்டன. அதாவது, ஆட்டத்தரையை வானத்துக்குத் திறந்துவிட்டு, அசையாது அமர்ந்திருக்கும் மக்களை மட்டும் காற்றிலிருந்து காப்பது இத்திட்டத்தின் நோக்கம்.

இம்முடிவுக்குச் சார்பாக மற்றொரு காரணமும் உண்டு. 2014-லும் 2022-லும் பஃபலோவின் ஆட்டங்கள் டெட்ராய்ட் நகருக்கு மாற்றப்பட்டதற்கு, அரங்கத்தில் விழுந்த பனி மட்டும் காரணமன்று. சாலைகள் மூடப்பட்டிருந்தன, வாகனங்கள் செல்லத் தடை இருந்தது. 2010-ம் ஆண்டில் மினியாபொலிஸுக்குப் புறப்பட்ட எதிர்க்குழுவின் விமானமும் பனியால் கான்சாஸ் நகருக்குத் திருப்பிவிடப்பட்டது. அரங்கத்தின் மீது எவ்வளவு வலிய கூரை இருப்பினும், அங்கு வந்து சேரும் வழிக்குக் கூரையில்லை.

மேற்கூறிய மூன்று நிகழ்ச்சிகளிலும் இடம் மாறிய ஆட்டத்தை ஏற்றுக்கொண்டது டெட்ராய்டின் உறுதியான கூரையுள்ள ஒரே அரங்கமே என்பதும் சிந்திக்கத்தக்கது. ஒரு பிரதேசத்துக்கு ஒரு நல்ல கூரை இருந்தால், ஆபத்து வேளையில் அது பல நகரங்களுக்கு உதவும். ஒவ்வொரு நகரமும் தனித்தனிக் கூரை எழுப்ப வேண்டுவதில்லை.

முடிவு

குளிர் ஒன்றை மட்டும் கருதிக் கூரையிடுவது சரியன்று. கீழ்க்காணும் மூன்று நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேறும் நகரத்துக்கே முழுக் கூரை பொருந்தும். முதலாவது, கூரை அவ்வூரில் பெய்யக்கூடிய மிகுந்த பனியை, சராசரியாக அன்றிக் குவியலாகவும் தாங்க வல்லதாயிருத்தல் வேண்டும். இரண்டாவது, ஆட்டமில்லாத நாள்களிலும் பள்ளிகளும் பொதுமக்களும் அவ்விடத்தைப் பயன்படுத்த வாய்ப்பும் அனுமதியும் இருத்தல் வேண்டும். மூன்றாவது, கட்டும் செலவை மட்டுமன்றி, முப்பது ஆண்டுகள் பராமரிக்கும் செலவையும் ஏற்க நகரத்துக்கு ஆற்றல் வேண்டும். சுற்றுவட்டாரத்தில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் மினியாபொலிஸ் இந்நிபந்தனைகளை ஓரளவு நிறைவேற்றக்கூடும். சுமார் ஒரு லட்சம் மக்களே வாழும் கிரீன் பே, 1957-ம் ஆண்டு கட்டிய தன் அரங்கத்தைத் திறந்தவெளியாகவே வைத்துக்கொண்டு, தரைக்கடியில் வெப்பக் குழாய்களைப் பதித்துச் சமாளிப்பது அதன் அளவுக்கு ஏற்ற வழி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நகரங்களுக்கு விதானமும் காற்றுத் தடுப்பும் போதுமானவை.

வகுப்பறைச் சோதனை

ஒரு பிளாஸ்டிக் வாளியின் வாயை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சற்றுத் தளர்வாக மூடி, விளிம்பைச் சுற்றிக் கயிற்றால் இறுகக் கட்டுக. வாளியின் பக்கத்தில் சிறு துளையிட்டு, ரப்பர்க் குழாய் பொருத்தி, சைக்கிள் பம்பினால் காற்றைச் செலுத்துக. தாள் குமிழ்போல் எழும். காற்றுச் செலுத்துவதை நிறுத்தாமல், ஒரு பிடி ஈர மணலைத் தாளின் மேல் பரவலாகத் தூவுக. பின்னர் அதே அளவு மணலை ஒரே இடத்தில் வைக்க. பள்ளம் தோன்றுவதையும், அதில் சிறிது தண்ணீர் ஊற்றினால் பள்ளம் மேலும் ஆழமாவதையும் மாணவர்கள் கண்டு குறித்துக்கொள்வார்களாக.

மாணவர்களுக்கான வினாக்கள்

1. 20 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள தட்டையான பள்ளிக் கூரையின் மேல் 30 சென்டிமீட்டர் புதுப்பனி தங்கினால் அதன் எடை என்ன? பனி ஈரமாகி மூன்று மடங்கு கனத்தால் எடை என்னவாகும்?

2. மொத்தப் பளு ஒன்றாகவே இருப்பினும், பரவலான பளுவைத் தாங்கும் துணிக்கூரை குவிந்த பளுவைத் தாங்காததேன்?

3. ஏரியின் நீர் முழுவதும் உறைந்துவிட்ட பின்னர் ஏரிக்கரை ஊர்களில் பனிப்பொழிவு குறைவதற்குக் காரணம் யாது?

4. உங்கள் ஊரில் பொதுப்பணத்தில் கட்டப்பட்ட ஒரு கட்டடம் ஆண்டில் எத்தனை நாள் பயன்படுகிறது? கேட்டறிந்து எழுதுக.